காட்டுத்தீப் புகை நாட்களில் வீட்டிலேயே வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது: எங்கே நிறுத்தலாம், எப்போது தொடரலாம்

காலையில் எழுந்ததும் வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் இரவில் சாம்பல் கொட்டியிருக்கிறது. அன்றைக்கு ஸ்ப்ரே கன்னைத் தொட வேண்டாம்.

சொல்வது சுலபம். ஆனால் புகை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? பழைய பெயின்டைச் சுரண்டியாகிவிட்டது, பட்டி பார்த்தாகிவிட்டது, கதவின் அடியில் வெறும் தகரம் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வானம் பழுப்பாகும். "புகை போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால் புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வேலையை எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம், எந்தக் கட்டத்தில் நிறுத்தவே கூடாது என்பதைத்தான். கன்னைப் பிடிக்கும் விதமெல்லாம் அதற்குப் பிறகு.

புகை வேறு, சாம்பல் வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். காட்டுத்தீப் புகையில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள். காற்றுத்தர அறிக்கைகளில் பி.எம். 2.5 என்று வருவது இவற்றையும் சேர்த்து, 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களின் அளவு. நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டின் கனமே சுமார் 40 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். அதற்குள் அரை மைக்ரான் துகள் ஒன்று விழுந்தால் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. அது கெடுப்பது உங்கள் நுரையீரலை.

பெயின்டைக் கெடுப்பது சாம்பல் சிட்டம், அதாவது கண்ணுக்குத் தெரியும் சாம்பல் துணுக்கு. எள்ளளவு, சில நேரம் நகமளவுகூட இருக்கும். காற்று அடங்கியதும் மெல்ல இறங்கி ஈரப் பெயின்டில் உட்காரும். இதைக் காற்றுத்தர எண் காட்டாது. எண் நன்றாக இருக்கும் நாளிலும், முந்தைய வாரம் கூரையிலும் மரத்திலும் படிந்த சாம்பலை ஒரு காற்று கிளப்பிவிட்டால் போதும். ஆகவே எண்ணையும் பார்க்க வேண்டும், கண்ணாடியில் விரலும் வைக்க வேண்டும்.

எண்ணைப் பொறுத்தவரை, நாட்டுக்கு நாடு குறியீட்டின் படிநிலைகள் மாறுகின்றன. அதனால் நான் நேரடியாக பி.எம். 2.5 அளவைத்தான் பார்க்கிறேன். கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழே, சாம்பலும் இல்லை என்றால் பெயின்ட் அடிக்கலாம். 35 முதல் 55 வரை என்றால் மூடிய இடத்தில் முகமூடியோடு தேய்க்கும் வேலை மட்டும். அதற்கு மேலே போனால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த எல்லைகளை இன்னும் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி ஓடும் நிலையில் இருக்கட்டும்

மற்ற வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் தீ பக்கத்தில் எரியும்போது இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புகை வரும் திசையில் தீ இருக்கிறது. வெளியேறச் சொல்லி உத்தரவு வரும்போது உங்கள் வண்டி ஸ்டாண்டின் மேல் சக்கரமில்லாமல், கண்ணாடி முழுக்க பேப்பர் ஒட்டி நின்றால்? தீ அணையும்வரை முகப்பு விளக்கு, சக்கரம், பேட்டரி, வைப்பர் எதையும் கழற்ற வேண்டாம். முன்கண்ணாடியை மறைக்கும் பேப்பரை ஒரே இழுப்பில் வரும்படி ஒட்டுங்கள். எரிபொருள் டேங்க் பாதிக்கு மேல் இருக்கட்டும். கராஜ் வாசலில் தின்னர் டின், கம்ப்ரசர், ஏணி என்று குவித்து வழியை அடைக்காதீர்கள். தின்னரும் ஸ்ப்ரே டப்பாக்களும் வீட்டுச் சுவரை ஒட்டி வெயிலில் கிடக்கக் கூடாது. தீப்பொறி பறந்து வரும் காலத்தில் அவைதான் முதல் விறகு.

எங்கே நிறுத்தலாம்

பழைய பெயின்டின் மேல் தேய்த்த நிலை, தகரம் எங்கும் தெரியவில்லை: எத்தனை நாள் வேண்டுமானாலும் நிறுத்தலாம். சுத்தமான துணியோ பாலித்தீனோ போர்த்தி விடுங்கள். தொடரும்போது மறுபடி கழுவி லேசாகத் தேய்த்தால் போதும்.

வெறும் தகரம் தெரிகிறது: நிறுத்தவே கூடாது. மரச் சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. ஈரம் பட்டால் காரக் கரைசலாகிவிடும். பனி விழும் இரவில் அது வெறும் தகரத்தின் மேல் உட்கார்ந்தால் காலையில் துரு எட்டிப் பார்க்கும். அடிக்க முடியாத நாளாக இருந்தால் தகரத்தைத் திறக்கும் வேலையையே தொடங்காதீர்கள். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால், கராஜுக்குள் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, எபாக்சி ப்ரைமரைச் சின்ன பிரஷ்ஷால் தடவி மூடுங்கள். அழகாக இருக்காது. பிறகு தேய்க்கத்தானே போகிறோம்.

சாதாரண ஹை-பில்ட் ப்ரைமர் (மேடுபள்ளத்தை நிரப்பும் கனமான அடிப்பூச்சு) அடித்த நிலை: ஓரிரு நாள் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். அந்த ப்ரைமர் நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் பிறகு மேல் பெயின்டில் கொப்புளமாக வரும். எபாக்சி ப்ரைமர் அப்படியில்லை, அது மூடி போட்ட மாதிரி. வாரக்கணக்கில் காத்திருக்கலாம். ஆனால் டப்பாவில் சொன்ன மறுகோட் நேரம் தாண்டிவிட்டால் மேலே தேய்த்துவிட்டுத்தான் அடுத்ததை அடிக்க வேண்டும்.

பேஸ் கோட் (நிறம் தரும் பூச்சு) அடித்தாகிவிட்டது, கிளியர் அடிக்கவில்லை: நிறுத்துவதற்கு மிக மோசமான இடம் இதுதான். பல பேஸ் கோட்டுகளுக்கு 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும், இல்லையென்றால் பிடிப்பு போய்விடும். அதனால் பேஸும் கிளியரும் ஒரே நாள் வேலை. நடுவில் மதியச் சாப்பாடு வரலாம், மறுநாள் வரக் கூடாது. அந்த முழு நேரத்துக்கும் காற்று சுத்தமாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் பேஸைத் திறங்கள். முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பாருங்கள்.

சாம்பலைக் கழுவுவது

உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். துடைத்தால் கீறும், ஊதினால் பறந்து வேறிடத்தில் உட்காரும், பாதி உங்கள் மூக்குக்குள் போகும். குழாய்த் தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் மேலிருந்து கீழாக ஓடவிட்டு முதலில் சாம்பலை மிதக்கவைத்து இறக்குங்கள். பிறகு மென்மையான கார் ஷாம்பு, இரண்டு வாளி. ஒன்றில் நுரை, ஒன்றில் துணி அலசும் தண்ணீர்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம், பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, கதவின் ரப்பர் மடிப்பு, எரிபொருள் மூடியின் உள்பக்கம், சக்கர வளைவு ஆகிய இடங்களில்தான் சாம்பல் ஒளிந்திருக்கும். கழுவும்போது வராது. நீங்கள் கிளியர் அடிக்கும்போது கன்னின் காற்று இடுக்கில் பட்டதும் ஒரு சாம்பல் மேகம் எழும்பி, அடித்த இடத்திலேயே உட்காரும். மேலே பார்த்துக் காற்றைத் திட்டுவோம், குற்றவாளி வண்டிக்குள்ளேயே இருந்திருப்பான். இந்த இடுக்குகளுக்கு வாக்குவம் கிளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் வேண்டும். முடித்ததும் பெயின்ட் படக் கூடாத இடுக்குகளை உள்பக்கமாக டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

தண்ணீர் உலர்ந்தபின் மெழுகும் எண்ணெயும் நீக்கும் கரைசல். புகையில் தார் போன்ற எண்ணெய்ப் பசை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். விட்டுவிட்டால் பெயின்ட் சில இடங்களில் விலகி, மீன்கண் மாதிரி வட்டக் குழிகள் விழும். கரைசலில் நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில். நனைத்துத் துடைத்ததை அது உலர்வதற்குள் மறு துணியால் எடுத்துவிட வேண்டும். உலரவிட்டால் அழுக்கு அதே இடத்திலேயே படிந்துவிடும். தேய்ப்பதற்கு முன் ஒரு முறை, அடிப்பதற்கு முன் ஒரு முறை.

தேய்க்கும் வேலை வழக்கம் போலத்தான். ப்ரைமருக்குக் கீழே 320 நம்பர் உப்புத்தாள், பேஸுக்குக் கீழே 600 முதல் 800 வரை. புகை நாளில் நான் சொல்லக்கூடிய ஒரே மாற்றம், வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீரோடு தேய்த்துவிடுங்கள். உலர்தேய்ப்பில் கிளம்பும் தூசி, புகையோடு சேர்ந்து அந்த இடத்தை இரண்டு நாளைக்குச் சுத்தமாகவிடாது. பட்டிக்கும் வெறும் தகரத்துக்கும் மட்டும் தண்ணீர் ஆகாது.

கூடாரம் போடுவது

மரக்கட்டை அல்லது பி.வி.சி. குழாயில் சட்டம், அதன் மேல் பாலித்தீன் ஷீட். வண்டியைச் சுற்றி நடக்க ஒரு மீட்டர் இடம். இது வரை எல்லோரும் செய்வது. ஃபேனை எங்கே வைப்பது என்பதில்தான் வித்தியாசம்.

பெரும்பாலானோர் ஃபேனை வெளியே இழுக்கும்படி வைக்கிறார்கள். பெயின்ட் மூட்டம் வெளியே போகும், உண்மைதான். ஆனால் உள்ளே அழுத்தம் குறைந்து, ஷீட்டின் ஒவ்வொரு ஓட்டையும் புகையை உள்ளே உறிஞ்சும். அதைவிட ஆபத்து, தின்னர் ஆவி நேராக ஃபேன் மோட்டாரின் வழியே போகிறது. மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் போதும். திருப்பி வையுங்கள். ஃபேன் வெளியே நின்று, வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து உள்ளே தள்ளட்டும். எதிர்மூலையில், தரையை ஒட்டி, கண்ணாடியிழை வடிகட்டி வைத்த வெளியேறும் வாய். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். ஓட்டைகள் வழியாக இனி காற்று வெளியேதான் போகும், மோட்டாரும் சுத்தமான காற்றில் சுற்றும். வேலை முடிந்தும் வாடை அடங்கும்வரை ஃபேனை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஆவி திரும்பி மோட்டார் பக்கம் வரும். வெளியேறும் வாய் ஃபேனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் இதே கதைதான்.

உள்ளே வரும் காற்றுக்கு மெர்வ் 13 வடிகட்டி போடுங்கள் (மெர்வ் என்பது துகள் பிடிக்கும் திறனின் தர எண்). 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளில் குறைந்தது பாதியையும், அதைவிடப் பெரியவற்றில் பெரும்பகுதியையும் அது பிடிக்கும். சாம்பல் சிட்டம் உள்ளே வர வாய்ப்பே இல்லை. வெள்ளையாகப் போட்ட வடிகட்டி பழுப்பானால் மாற்றுங்கள்.

கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் உள்கதவின் நாலு ஓரத்தையும் டேப்பால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கூடாரத்திலிருந்து தள்ளப்படும் ஆவி படுக்கையறைக்குப் போகும். வாட்டர் ஹீட்டரின் சிறு சுடர், ஹீட்டர், சிகரெட், எதுவும் எரியக் கூடாது. அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி இருந்தால் முந்தின இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் ஓடவிடுங்கள். நல்ல பலன் கிடைக்கும். அடிக்கும் முன் அணைத்து வெளியே எடுத்துவிடுங்கள்.

முகமூடி, அதன் பிறகே பெயின்ட் தேர்வு

புகைக்குப் போடும் என்95 முகமூடி துகளை மட்டும் தடுக்கும். தின்னர் ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். பெயின்டுக்கு வேண்டியது ரப்பர் முகமூடி, அதில் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ், அதன் மேல் பி100 துகள் வடிகட்டி. தாடி இருந்தால் ஒட்டாது, சிரைத்துவிடுங்கள். போட்டபின் கார்ட்ரிட்ஜைக் கையால் மூடி மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் மூடிய பைக்குள் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் கார்ட்ரிட்ஜில் உள்ள கரி சும்மா புகையைக் குடித்தே தீர்ந்துபோகும்.

இப்போது டூ-கே பெயின்ட். ஹார்ட்னர் எனும் இறுகவைக்கும் இரண்டாவது பாகத்தைக் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் பளபளப்பிலும் உறுதியிலும் முதல். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பும், ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு துளி பட்டாலே இழுக்கும். ஆபத்தான அளவை எட்டும்போதுகூட வாடை தெரியாது, அதனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் உங்களுக்குத் தெரியாது. இதற்கு வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகமூடிதான் சரி. புகை நாளில் அந்தப் பம்பை எங்கே வைப்பீர்கள்? வெளியே இருப்பதும் புகைதானே. ஆக, புகைக் காலத்தில் வீட்டில் டூ-கே வேண்டாம் என்பது என் முடிவு, பட்டனை அழுத்தினால் கலக்கும் டூ-கே ஸ்ப்ரே டப்பாவும் சேர்த்துத்தான். எபாக்சி ப்ரைமரும் இரண்டு பாகம்தான், ஆனால் பொதுவாக அதன் ஹார்ட்னர் ஐசோசயனேட் இல்லாத அமீன் வகை. டப்பாவைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கையுறையும் முகமூடியும் அதற்கும் வேண்டும்.

மிஞ்சுவது ஹார்ட்னர் கலக்காமல் அடிக்கும் ஒன்-கே வகைகள். எனாமல் மலிவாக நன்றாகப் படரும், ஆனால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் அது சாம்பலுக்கு விரித்த பசைத்தாள். அக்ரிலிக் லாக்கர் 10, 15 நிமிடத்தில் தூசி ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆயுள் டூ-கே அளவுக்கு வராது, அடித்ததும் மங்கலாகத்தான் இருக்கும், பஃப் போட்டு மெருகேற்ற வேண்டும். இருந்தாலும் புகைக் காலத்தில் லாக்கர்தான் என் கை போகும் டப்பா. விழுந்த தூசியைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுகோட் போடுவதும் அதில் சுலபம்.

நிறம் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். புகை மண்டிய நாளில் வெளிச்சமே ஆரஞ்சு. அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் வெள்ளியும் பொருந்துவது போலத் தெரியும், வானம் தெளிந்த அன்று கதவு ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம். 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள பகல்வெளிச்ச விளக்கின் கீழ் பாருங்கள்.

அடிக்கும் நாள்

முந்தின இரவே கூடாரத்தின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, மாஸ்கிங் பேப்பரைப் புதிதாக ஒட்டிவிடுங்கள். வாரக்கணக்கில் ஒட்டியிருந்த பேப்பரின் மடிப்பில் சாம்பல் இருக்கும். செய்தித்தாள் வேண்டாம், அதன் நார் பறக்கும்.

பிறகு தட்டுச் சோதனை. கறுப்பாகப் பளபளக்கும் ஏதாவது ஒரு தகரத் தட்டு எடுங்கள். ஃபேனை ஓடவிட்டு, தட்டில் அதே கிளியரை ஒரு கோட் அடித்து, கூடாரத்தின் நடுவில் பானெட் உயரத்தில் வைத்து, வெளியே வந்து அரை மணி நேரம் காத்திருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓரிரண்டு புள்ளி என்றால் பரவாயில்லை, தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளங்கை அளவு இடத்தில் பத்துப் புள்ளி என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வட்டக் குழி விழுந்திருந்தால் எண்ணெய்ப் பசை, வண்டியிலோ கம்ப்ரசரிலோ. கம்ப்ரசரும் அதே புகைக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதை மறந்துவிடுவோம். அதன் உறிஞ்சும் வடிகட்டியை மாற்றி, குழாயில் ஈரமும் எண்ணெயும் பிரிக்கும் வடிகட்டி போடுங்கள்.

புகை வெயிலை மறைப்பதால் தகரம் நினைத்ததைவிடக் குளிர்ந்திருக்கும். பெரும்பாலான பெயின்டுக்கு 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சரி. தகரத்தின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் பால் போல் வெளுக்கும்.

பேஸுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை. கன்னை 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, பரப்புக்கு நேராகப் பிடித்து, முந்தைய பட்டையில் பாதியை மூடியபடி போங்கள். மேற்கூரை முதலில், பிறகு பானெட், பக்கங்கள் கடைசி. தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்புத் துணியால் மெல்லத் தடவிவிட்டு உடனே அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரை அழுத்தித் தேய்த்தால் மின்னேற்றம் ஏறித் தூசியை வாவா என்று அழைக்கும். மெல்லிய கோட்டுகள், நடுவில் 10 அல்லது 15 நிமிடம். கோட்டுக்குக் கோட் வெளியே ஓடி வந்து பார்க்காதீர்கள். வாசலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று உள்ளே வரும். ஆனால் மூடிய கூடாரத்தில் ரப்பர் முகமூடியோடு உடம்பு வெந்துவிடும். தலை சுற்றினால் வேலை கெட்டாலும் பரவாயில்லை, வெளியே வாருங்கள்.

சிட்டம் விழுந்துவிட்டால்

என் முதல் பானெட்டில் கிளியரின் இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போது சாம்பல் ஒன்று மெல்ல ஆடி வந்து நட்டநடுவில் இறங்கியது. எள்ளளவுதான். விட்டிருக்கலாம். நகத்தால் எடுக்கப் போனேன். சாம்பல் பொடிந்து கறுப்பாக இழுபட்டது. அதைத் துடைக்கப் போனேன், கிளியர் சுருங்கி அடியிலிருந்த பேஸும் வந்தது. எள்ளளவில் தொடங்கியது உள்ளங்கை அளவில் முடிந்தது. பானெட் முழுவதையும் மறுபடி தேய்த்தேன்.

ஈரத்தில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். பேஸில் விழுந்தால் அது உலரும்வரை பொறுத்து, 1000 நம்பர் பேப்பரால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தட்டி எடுத்துவிட்டு இன்னொரு மெல்லிய கோட். உலோகத் துகள் கலந்த நிறமாக இருந்தால் தேய்த்த இடம் தனியாகத் தெரியும், அதனால் மேலே ஒரு கோட் கட்டாயம். கிளியரில் விழுந்தால் நன்றாக இறுகும்வரை, லாக்கரானால் சில நாட்கள், விட்டுவிட்டு 1500, 2000, 3000 என்று தண்ணீர் போட்டுத் தேய்த்து காம்பவுண்டால் பஃப் போடுங்கள். இப்படித் தேய்க்கக் கனம் மிஞ்ச வேண்டும் என்பதால், புகைக் காலத்தில் கிளியரை ஒரு கோட் கூடுதலாகவே அடியுங்கள்.

அடித்த பிறகு

புதுப் பெயின்டை உடனே வெளியே நிறுத்த வேண்டாம். முதல் சில நாட்களில் மேலே சாம்பல் விழுந்து பனியும் சேர்ந்தால், காரம் ஊறிக் கறை பிடிக்கும். கராஜிலேயே இருக்கட்டும், ஆனால் பாலித்தீனை நேராகப் பெயின்டின் மேல் போர்த்தாதீர்கள், தின்னர் வெளியேற வழியில்லாமல் ஷீட்டின் அச்சு விழும். வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால், சாம்பல் விழுந்த அன்றே தண்ணீரை மட்டும் ஓடவிட்டுக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். மெழுகு போடுவதை டப்பாவில் சொல்லும் நாள்வரை, பொதுவாக 30 நாளாவது, தள்ளிப்போடுங்கள்.

எனாமலும் எண்ணெயும் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டின்னில் போடுங்கள். தீயணைப்பு வண்டிகளெல்லாம் மலையில் நிற்கும் வாரம் அது.